சீல் உடைக்காத பாட்டில்கள்

தங்கச்சி போன் செய்தபோது நான் கட்டட வேலையிடத்தில், டவர் கிரேனுக்குக் கீழே, வாக்கி-டாக்கியும் கையுமாக நின்றிருந்தேன். தலைக்கு மேலே ஒரு கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கிரேனுக்குச் சிக்னல் கொடுப்பது என் வேலை. லோடு தொங்கும்போது போன் எடுக்கக் கூடாது. கட்டை இறக்கி, கொக்கியைக் கழற்றி விட்டுத்தான் எடுத்தேன். அதற்குள் ஆறு தடவை அடித்திருந்தாள்.

"அண்ணா, இவரு இனிமே கிரேன்ல ஏறக் கூடாதுன்னுட்டாங்க. கார்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"யாரு?"

"கம்பெனி டாக்டர். பிரஷர் நூத்தி அறுபத்திரண்டு. சரி, அது பழைய கதை. இப்ப புதுசா யூரிக் ஆசிட் ஒம்பது புள்ளி எட்டாம். ஏழுக்குள்ள இருக்கணுமாம். பிரஷர் இருக்குறவங்களுக்கு இதுவும் சேர்ந்து ஏறினா ஹார்ட்டைப் பாக்கணும்னு சொல்றாங்க. ஹார்ட் டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் கார்டு திரும்பக் கிடைக்கும்."

"அவன் எங்க இப்ப?"

"சோபால உக்காந்து டிவி பாக்குறாரு."

"டிவி பாக்குற அளவுக்கு இருக்கான்ல, அப்புறம் என்ன?"

"அண்ணா, டிவியை இன்னும் போடவே இல்ல."

இவர் என்று அவள் சொல்வது என் மாப்ளையை. எங்கள் கிரேனின் ஆபரேட்டர். அன்று அவன் மெடிக்கல் செக்கப்புக்குப் போயிருந்ததால், நான் இரண்டாவது கிரேனுக்கு நின்றிருந்தேன். அவன் அறுபது மீட்டர் உயரத்தில் கேபினில் உட்கார்ந்திருப்பான், நான் தரையில் நிற்பேன். கல்யாணத்துக்கு முன்பே நண்பர்கள், அதனால் வா, போ தான். பதினொரு வருடமாக அவனுக்குக் கண் நான்தான். "மாப்ள, இடது பக்கம் கொஞ்சம், கொஞ்சம், நிறுத்து" என்றால் நிறுத்துவான். என் பேச்சை நம்பி மூன்று டன்னைத் தலைகளுக்கு மேலே நகர்த்துகிறவன். இந்தக் கதைக்கு இது முக்கியம், அதனால் சொல்கிறேன்.

அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. இரண்டு வருடமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறான். யூரின் மாத்திரை என்று சொல்வோமே, உடம்பில் இருக்கிற உப்பையும் நீரையும் இறக்குகிற மாத்திரை, அது. அவனுடைய அப்பா முடிவெட்டப் போன இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கழுத்தில் துணியோடு போய்ச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. மாப்ளைக்கு ஐம்பத்திரண்டு பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஆனால் தங்கச்சி உள்ளுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஆக, கவலை இரண்டு. ஒன்று, அவன் இதயம். இரண்டாவது, மேலே ஏறாவிட்டால் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். தரையில் நடக்கும்போதே அவன் கொஞ்சம் தொலைந்து போனவன் மாதிரிதான் நடப்பான்.

மறுநாள் காலை மூவரும் ஹார்ட் டாக்டரைப் பார்க்கப் போனோம். ஐம்பது வயது இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரிப்போர்ட்டைப் படித்தார். தங்கச்சி ஒரு நோட்டில் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். முதல் கேள்வியை விரல் வைத்து வாசித்தாள்.

"டாக்டர், யூரிக் ஆசிட் ஏறினா மாரடைப்பு வருமா?"

"அப்படி நேரா சொல்லிட முடியாதும்மா. பிரஷர் இருக்குறவங்கள்ல, யூரிக் ஆசிட்டும் கூடுதலா இருக்குறவங்களுக்கு இதய நோய் கொஞ்சம் அதிகமா வருது, அதைப் பார்த்திருக்கோம். ஆனா அதுவே நோயைக் கொண்டுவருதா, இல்ல கூட நின்னு கைகாட்டுதான்னு இன்னும் தீர்மானமாத் தெரியல. கைகாட்டினா நாங்க திரும்பிப் பாக்கணும்ல? அதான் பாக்குறோம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர்.

ஈசிஜி எடுத்தார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. எக்கோவும், ஓடுகிற மெஷினில் ஓடவிட்டுப் பார்க்கும் டெஸ்ட்டும் வியாழக்கிழமைக்குப் போட்டார்கள். பிறகு டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்டார்.

"ஒரு நாளைக்குத் தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"நிறைய டாக்டர். ரெண்டு, மூணு லிட்டர் போகும்" என்றான் மாப்ள.

சொல்லிவிட்டு ஒரு நொடி என்னைப் பார்த்தான். எதற்குப் பார்த்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் அவன் சாப்பாட்டுப் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்து, கயிற்றில் கட்டி மேலே அனுப்புகிறவன் நான். அதனால் நானும் தலையை ஆட்டினேன். சாட்சி சொல்கிற மாதிரி.

அந்த இரண்டு நாளும் தங்கச்சி தூங்கவில்லை. அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தாளாம். அவன் குளியலறைக்குப் போனால் இவள் கதவுக்கு வெளியே நிற்பாள். வாளியைத் தூக்கப் போனால் பிடுங்கிக்கொள்வாள். "ஏன்டி, வாளி தூக்கினாக் கூடவா ஹார்ட் நிக்கும்?" என்று அவன் கேட்டதற்கு, "நின்னா யாருகிட்டப் போய்க் கேக்குறது?" என்றாளாம்.

புதன்கிழமை நான் வேலைக்குப் போனேன். கிரேனுக்கு மாற்று ஆபரேட்டர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். ரொம்பச் சாதுவான மனிதர். காலை பத்து மணிக்கு வாக்கியில் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? இந்த கேபின்ல எனக்கு முன்னாடி இருந்தவரு கடை ஏதும் வச்சிருந்தாரா?"

"என்ன கடை?"

"சீட்டுக்குப் பின்னாடி எல்லாம் தண்ணி பாட்டிலு. எண்ணிட்டேன், இருபத்தாறு. ஒண்ணுல கூட சீல் உடைக்கல. காலை நீட்ட இடமில்லண்ணே."

வாக்கியில் அவர் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இருபத்தாறு பாட்டிலும் நான் அனுப்பியவை. அப்போதுதான் எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது.

அன்று கான்கிரீட் போடுகிற நாள். கலவை வண்டிகள் வரிசையாக நின்றன. ஏழாவது மாடிக்குக் கிரேன் தொட்டியில் கலவையை ஏற்றிக்கொண்டிருந்தோம். பதினொரு மணிக்கு மாப்ள வாக்கியில் மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், கொஞ்சம் எறங்கணும். அவசரம்."

மேலிருந்து ஏணியில் இறங்கப் பத்து நிமிடம், திரும்ப ஏறப் பதினைந்து. சில ஆபரேட்டர்கள் மேலேயே ஒரு கேனை வைத்துச் சமாளிப்பார்கள். மாப்ளைக்கு அது ஆகாது, அருவருப்பு. வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல். பொதுச் சேனலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நான் சொன்னேன்:

"ஏன் மாப்ள, காலையில தண்ணி லாரியையே குடிச்சிட்டு ஏறிட்டியா? அடே, கீழ நிக்கிறவங்க எல்லாம் குடை பிடிங்கப்பா!"

பதினாலு வாக்கியிலும் ஒரே சிரிப்பு. எஞ்சினியர் கூடச் சிரித்தார். அன்றிலிருந்து அவனுக்குத் தண்ணி லாரி என்றே பெயர் ஆகிவிட்டது. அவன் காலையில் ஏறும்போது யாராவது ஒருத்தன் வெயிலில் குடையை விரித்துப் பிடிப்பான். அவனும் சிரித்துக்கொண்டேதான் ஏறுவான்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவன் இறங்கக் கேட்டதில்லை. காலை ஆறரைக்கு ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் இறங்குவான். "எங்க ஆபரேட்டர் மாதிரி வராது, சிங்கம் மாதிரி உக்காந்திருப்பான்" என்று பக்கத்து வேலையிடத்துக்காரர்களிடம் நான் பெருமை அடித்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் வாக்கியில் அவன் பேச்சு ஒட்டிக்கொண்டு வரும். நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம்கூடக் கேட்கும். வாக்கிக்கு பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். இப்படி ஒரு முட்டாள் நான்.

வியாழக்கிழமை காலையில் எக்கோ முடிந்தது. மாப்ள ஓடுகிற மெஷினில் ஓடினான். கதவு இடுக்கு வழியாக அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. தங்கச்சி வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனை முன்கூட்டியே தனியாகப் பிடித்துப் பேசியிருக்கலாம். ஆனால் அவன் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிடுவான் என்று தோன்றியது. அதனால் டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டதும், அவர் வாய் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அன்னிக்கு இவன் சொன்னது பொய். இவன் தண்ணி குடிக்கிறதே இல்ல."

"மச்சான்!" என்றான் மாப்ள.

"சும்மா இரு. தினம் ஒரு பாட்டில் மேல அனுப்புறேன், கேபின்ல இருபத்தாறு அப்படியே கிடக்கு."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மீதி நாள் பாட்டில் எல்லாம் எங்க போச்சு?"

மாப்ள தரையைப் பார்த்தபடி சொன்னான். "கேட் வாட்ச்மேனுக்குக் குடுத்துருவேன். அவரு ரொம்பச் சந்தோஷப்படுவாரு."

தங்கச்சி அவன் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "ஏங்க. எத்தனை மணியிலேர்ந்து குடிக்க மாட்டீங்க?"

"முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டப்புறம் இல்ல."

"காலையில மாத்திரை?"

"மாத்திரையை ஒழுங்காப் போட்டுருவேன். நீ அட்டையை எண்ணுவியே. ஒரு வாய்த் தண்ணியில முழுங்கிருவேன். அந்த மாத்திரைக்கே முட்டிக்கிட்டு வரும், ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை போயிட்டு ஏறிடுவேன்."

"சாயங்காலம் எறங்கினப்புறம்?"

"கேட்டுக்கு வெளிய கூல் டிரிங்க்ஸ்."

"எத்தனை?"

"ரெண்டு."

"சின்னதா?"

அவன் இரண்டு கையையும் விரித்துப் பெரிய பாட்டிலின் அளவைக் காட்டினான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது வேறயா!"

பிறகு நான் அந்தக் குடை விஷயத்தைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல், நான் என்ன வார்த்தை சொன்னேனோ அதே வார்த்தையில். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் அவள் பென்சில் டப்பாவை நான் உடைத்தபோது பார்த்த அதே பார்வை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அந்த யூரின் மாத்திரை பிரஷருக்கு நல்ல மாத்திரைதான். ஆனால் சிலருக்கு அது யூரிக் ஆசிட்டை வெளியே போகவிடாமல் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு நாள் முழுக்க உடம்பு காய்ந்து கிடந்தால் சிறுநீரகம் இன்னும் பிடித்து வைக்கும். அதற்கு மேல் சர்க்கரைத் தண்ணீரை இரண்டு பாட்டில் ஊற்றினால், அதுவும் யூரிக் ஆசிட்டைக் கூட்டும்.

"இந்த மூணும் சேர்ந்து ஒரே பக்கம் இழுத்திருக்கு" என்றார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்."

"டாக்டர்," தங்கச்சி நோட்டை மூடிவிட்டாள். "ஹார்ட்?"

"அதுக்குத்தான் வரேன். எக்கோ நல்லா இருக்கு. சுவர் தடிக்கல. நல்லா அடிக்குது. மெஷின்ல ஒம்பது நிமிஷம் ஓடியிருக்காரு, ஒரு கோளாறும் இல்ல. இந்த வயசுக்கு நல்ல ஓட்டம்."

"அப்ப ஒண்ணும் இல்லையா?"

"இன்னிக்குப் பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. பிரஷர் இருக்கு, அப்பாவுக்கு வந்திருக்கு, அதனால வாழ்நாள் பூரா கவனமாத்தான் இருக்கணும். மாத்திரையை மாத்தித் தரேன். இது பிரஷரையும் பாத்துக்கும், யூரிக் ஆசிட்டையும் கொஞ்சம் எறக்கும். தண்ணியை நாள் பூரா குடிக்கணும், கூல் டிரிங்க்ஸ் வேண்டாம். நாலு வாரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாப்போம். குறைஞ்சிருந்தா கையெழுத்துப் போடுறேன். அதுவரை ஏறக் கூடாது."

தங்கச்சி ரிப்போர்ட் ஃபைலை எடுத்தாள். அதை வைத்தே அவன் தோளில் ஒன்று, என் தோளில் ஒன்று போட்டாள். சத்தமாகவே போட்டாள். "தண்ணி குடிக்காததுக்கா நான் மூணு நாளா செத்துச் செத்துப் பொழைச்சேன்! ரெண்டு கழுதைகளுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேனே!" என்றவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீராக வந்தது. டாக்டரம்மா டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றாதீர்கள். எத்தனை லிட்டர் குடிக்கலாம் என்பதும் ஆளுக்கு ஆள் வேறாம். மாப்ளைக்குச் சொன்னது மாப்ளைக்கு. டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள், அது மட்டும் எல்லாருக்கும் பொது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலை தொடங்கும் முன், பொதுச் சேனலைத் திறந்தேன். "எல்லாரும் கேளுங்கப்பா. எட்டு மாசம் முன்னாடி நான் இந்தச் சேனல்ல ஒரு கேலி பண்ணேன். அதனால எங்க ஆபரேட்டர் தண்ணி குடிக்கிறதையே விட்டு, ஹார்ட் டாக்டர் வரைக்கும் போயிட்டாரு. தப்பு என்னோடது. இனிமே அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா, அவங்க லோடு கடைசியாத்தான் எறங்கும்."

இரண்டாவது கிரேனின் ஆபரேட்டர், பெரிய மீசைக்காரர், அதிகம் பேசாதவர், மேலேயிருந்து சொன்னார்: "அப்படின்னா நானும் ஒண்ணு சொல்லிடறேன். நானும் குடிக்கிறதில்ல. உங்க குடைக்குப் பயந்துதான்."

அதற்கு மேல் எஞ்சினியரால் சும்மா இருக்க முடியவில்லை. பதினாலாவது மாடியில், கிரேன் தூணைக் கட்டடத்தோடு பிணைத்திருக்கும் இடத்தில், ஒரு தற்காலிகக் கழிப்பறை வைத்தார்கள். ஏணியில் அங்கே இறங்கி வர மூன்றே நிமிடம். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கிரேன் நிற்கும். கான்கிரீட் நாளாக இருந்தாலும் நிற்கும். முதல் நாள் கலவை வண்டிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். நான் அவர் ஜன்னலுக்குப் போய், "அண்ணே, நீங்க போகணும்னா போறீங்கல்ல?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அடிக்கவில்லை.

நாலு வாரமும் மாப்ள ஸ்டோரில் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் எப்போதும் ஒரு பாட்டில். கூல் டிரிங்க்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலு வாரம் கழித்துப் போனோம். பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு. யூரிக் ஆசிட் ஆறு புள்ளி ஆறு. டாக்டரம்மா அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கம்பெனி கொடுத்த படிவத்தில் கையெழுத்தும் போட்டார். "மூணு மாசத்துல திரும்ப வரணும். வரலன்னா நானே கிரேன்ல ஏறி வந்துடுவேன்" என்றார். மாப்ள கையெழுத்தை மூன்று தடவை பார்த்தான். காய்ந்துவிட்டதா என்று ஊதிக்கூடப் பார்த்தான்.

மருந்து வாங்கப் போன நாங்கள் இருவரும் திரும்பி வந்தபோது, தங்கச்சி காரின் பின்சீட்டில் படுத்துத் தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பு ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அப்படி ஒரு தூக்கம். ஒரு மாதமாகப் பாக்கி வைத்த தூக்கம் மொத்தமாக வந்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்தால் விழித்துவிடுவாள் என்று நாங்கள் வெளியிலேயே வெயிலில் சாய்ந்து நின்றோம்.

"மாப்ள, என்னை மன்னிச்சுரு" என்றேன். நாலு வாரமாக அவனிடம் நேராகச் சொல்லாமல் வைத்திருந்தது.

"விடு மச்சான். நீ சொன்னப்ப நானுந்தானே சிரிச்சேன். வாயைத் தொறந்து, போடா எனக்கு எறங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ரோஷம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டிக்காரங்க அடிச்சிருப்பாங்க."

"உன்னைத்தானே? அடிக்கட்டுமே."

அந்த நேரம் பார்க்கிங் காவலாளி வந்தார். "சார், இது ஆம்புலன்ஸ் திரும்புற இடம், வண்டியை எடுங்க" என்றார். மாப்ள உதட்டில் விரலை வைத்து, கண்ணாடி வழியாக உள்ளே காட்டினான். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு அவரும் குரலைத் தாழ்த்தினார். "சரி சார். ஆனா எடுத்துத்தான் ஆகணும். அந்தக் கடைசி இடம் காலியா இருக்கு."

எங்கள் காரைக் கிளப்பினால் தெருவே எழுந்துவிடும். நான் முன்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, கியரை எடுத்துவிட்டு, வெளியில் நின்றபடியே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். மாப்ள பின்னால் போனான்.

"தள்ளுவியா? வேணும்னா ஆளைக் கூப்பிடவா?" என்று கிசுகிசுத்தேன்.

"கையெழுத்தைப் பாத்தேல்ல? ஸ்டீயரிங்கை நேராப் பிடி."

கார் மெதுவாக நகர்ந்தது. நாற்பதடி இருக்கும். தேவையில்லை என்று சொல்லியும் காவலாளி ஒரு பக்கம் கை கொடுத்தார். கடைசி இடத்தில் மரநிழல் இருந்தது. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மாப்ள இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், முகமெல்லாம் சிரிப்பு. தங்கச்சி ஒரு தடவை புரண்டு படுத்தாள். விழிக்கவில்லை.